வராத ஆளும் அவுட்

அவன் கபடி ஆடித்தான் செத்தான் என்று கேம்பில் சொன்னார்கள். ஊரிலும் சொன்னார்கள். இன்னும் சொல்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. எட்டாவதோடு நின்றவன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

ஷார்ஜாவில் முவைலா பக்கம் எங்கள் கேம்ப். ரூமில் ஆறு பேர், ஆறு பேரும் ஒரே மெஸ். மெஸ் என்றால் சாமான் சேர்த்து வாங்கி, முறை வைத்துச் சமைத்து, ஒரே சட்டியில் சாப்பிடுவது. ஒரே மெஸ்காரன் கூடப்பிறந்தவன் மாதிரி என்பார்கள். கூடப்பிறந்தவனோடு நான் இவ்வளவு காலம் ஒன்றாகச் சாப்பிட்டதே கிடையாது. அவனோடு சாப்பிட்டேன்.

அவன் கோவில்பட்டிப் பக்கம். நான் புதுக்கோட்டை. அவன் டிகிரி படித்தவன். ஆனால் சைட்டில் இரண்டு பேருக்கும் ஒரே வேலைதான், சாரம் கட்டுவது. இங்கே ஸ்கஃபோல்டிங் என்பார்கள். குழாயைத் தூக்கிக் கொடுப்போம், ஏறுவோம், ஸ்பேனரால் முடுக்குவோம், இறங்குவோம்.

அந்த டிகிரியை அவன் வாங்கியதே கபடியால்தான். பிளஸ் டூவில் அவன் ஆடியதைப் பார்த்துவிட்டு ஒரு காலேஜில் கூப்பிட்டுச் சீட் கொடுத்தார்கள். ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. யூனிவர்சிட்டி டீம் வரைக்கும் போனான். விளையாட்டுக் கோட்டாவில் அரசு வேலை கிடைக்கும் என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் ஆட்டத்தில் வலது முழங்கால் போய்விட்டது. ஆபரேஷன் செய்தார்கள். கால் வந்தது, வேலை வரவில்லை. அப்புறம் ஏஜென்ட், விசா, ஷார்ஜா.

இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னான், வெங்காயம் உரித்துக்கொண்டே.

"வருத்தமா இல்லயாடா" என்று கேட்டேன்.

"எதுக்கு மாப்ள? வேலதான் போச்சு. கபடி எங்க போச்சு?"

அவ்வளவுதான் பேச்சு. வெங்காயத்தை என் பக்கம் தள்ளிவிட்டான்.

கேம்புக்குப் பின்னால் வெறும் மணல். அவன் வந்த பிறகுதான் அது கிரவுண்ட் ஆனது. சாரப் பலகையால் மணலை நிரவினோம். சைட்டில் மிஞ்சிய ஜிப்சம் மாவில் கோடு போட்டோம். தண்ணீர் டேங்கர் ஓட்டுகிற பாகிஸ்தான் பாய் ஒருவர், ஞாயிறு மதியம் டேங்கில் மிஞ்சுவதைக் கொண்டுவந்து மணலில் விடுவார். மணல் இறுகும். விட்டுவிட்டு வண்டியின் ஏணிப்படியில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார். ஞாயிறுதான் எங்களுக்கு லீவு. வெயில் இறங்கியதும் ஆடுவோம்.

அவன் லெஃப்ட் கார்னர். ஏழு பேர் வளைந்து நிற்கும்போது இடது ஓரத்தில் நிற்கிற ஆள். பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடிப்பது அவன் வேலை. கார்னரில் நிற்கிறவனுக்குப் பக்கத்து ஆள் கை கொடுத்து நிற்பான். இரண்டு பேரும் ஒரே உடம்பு மாதிரி நகர வேண்டும். எங்கள் டீமில் அந்தப் பக்கத்து ஆள் நான். அதனால் அவன் கை எனக்குத் தெரியும். முடுக்கி முடுக்கிக் காய்த்துப்போன கை. பாடி வருகிறவன் கோட்டைத் தாண்டும்போது அந்தக் கை லேசாக இறுகும். எந்தப் பக்கம் பாயப்போகிறான் என்று அதிலேயே தெரிந்துவிடும். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டான்.

தப்பு செய்தால் மட்டும் சொல்வான்.

"ஏல, அவன் மூஞ்சிய ஏன் பாக்க? அவன் என்ன ஒனக்குப் பொண்ணா குடுக்கப் போறான்? குதிங்கால பாரு."

செத்தது ஒரு வேலை நாளில். நல்ல வெயில் காலம். டூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போதே பேச்சில்லை. ரூமுக்கு வந்ததும், குளிக்கிறதுக்கு முன்னால் கொஞ்சம் சாய்கிறேன் என்று படுத்தான். அன்றைக்குச் சமையல் அவன் முறை. நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அடுப்பு பற்ற வைக்கவில்லை.

"எந்திரிடா. சோத்த உங்கப்பனா வந்து வப்பாரு" என்று கட்டிலை உதைத்தேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. கையைத் தொட்டேன். எனக்குத் தெரிந்த கை. தொட்டதுமே தெரிந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் வந்தது, போலீஸ் வந்தது. ஹார்ட் என்றார்கள். கம்பெனி பேப்பர் வேலைகளை முடித்து உடம்பை ஊருக்கு அனுப்பியது.

கேம்ப் பாஸ் மலையாளி. கெட்ட மனுஷன் கிடையாது. உடம்பு போன மறுநாள் ரூமுக்கு வந்து நின்றார்.

"இனி பின்னாடி கபடி வேண்டா. மேலேருந்து சொல்லிட்டாங்க. ஹார்ட் கம்ப்ளெயின்ட் உள்ள ஆளு வெயில்ல ஓடிக் களிச்சதுதான் காரணம்னு பேசறாங்க. கலாஸ், முடிஞ்சு."

அடுத்த நாள் எங்கள் கோட்டின் மேல் பழைய குழாய்களைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டார்கள்.

நான் கேட்டேன், யாரிடமும் இல்லை, ரூமில் உட்கார்ந்து எனக்குள்தான். வாரத்தில் ஆறு நாள் வெயிலில் சாரம் ஏறினான். ஞாயிறு சாயங்காலம் வெயில் போன பிறகு கொஞ்ச நேரம் ஆடினான். செத்த பிறகு பழியெல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு வந்துவிட்டது. அந்த ஆறு நாளைப் பற்றி எவனும் பேசவில்லை.

கேம்ப் பாஸ் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். அவன் அப்பாவே போன் செய்தார். காரியம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம். எங்கள் மெஸ்ஸில் மூத்தவர் ஒரு அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர், பைப் ஃபிட்டர். டீமுக்கும் அவர்தான் பெரியவர். மறித்து நிற்பதில் கெட்டிக்காரர். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தார்.

"எம்மவன்கூட வெளாண்ட பயலுவ எல்லாம் இருக்கியளா?"

"இருக்கோம்ங்கய்யா" என்றேன்.

"அந்த எழவு வெளாட்டாலதான் அவன் படிப்புக்கு ஏத்த வேல போச்சு. இப்ப உசுரும் போச்சு. இனி யாரும் அத வெளாடாதிய. எனக்கு நீங்க வேற ஒண்ணுஞ் செய்ய வேண்டாம். அவனோட அது போவட்டும்."

அண்ணாச்சிதான் பேசினார்.

"ஒங்க வார்த்தையத் தட்ட மாட்டோம்யா. சஜா கேம்புகாரங்கிட்ட ஒரு ஆட்டம் முன்னாடியே பேசிட்டோம். அவன் இருக்கும்போது அவனே பேசுனது. அத மட்டும் அவன் பேருக்கு ஆடி முடிச்சிருதோம். அதோட சரி."

அந்தப் பக்கம் "ம்" என்று ஒரு சத்தம். போன் கட்.

அண்ணாச்சி எங்களைப் பார்த்தார். "அவன் எடத்துல யாரும் நிக்க வேண்டாம். ஆறு பேராவே எறங்குவோம். கார்னர் காலியாக் கெடக்கட்டும். அதான் மரியாத."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்போது எனக்கு எது சரி என்று தெரியவில்லை.

ஆட்டம் அடுத்து வந்த ஞாயிறு, சஜா கேம்புக்கு வெளியே, திறந்த மணலில். டேங்கர் பாய் சொல்லாமலே அங்கேயும் வந்து தண்ணீர் விட்டார். சஜாக்காரர்கள் ராமநாதபுரம் ஆட்கள். மரியாதை தெரிந்தவர்கள். அவனுடைய காலேஜ் போட்டோ ஒன்றைப் போனிலிருந்து எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பிக்கப் வண்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தார்கள். நீல பனியன், கழுத்தில் மெடல், மீசை சரியாக முளைக்காத முகம். எல்லோரும் நின்று கும்பிட்டோம்.

அவர்கள் கேப்டன் கேட்டான். "ஆறு பேரு போதுமாண்ணே? எங்கள்ல ஒருத்தனத் தரட்டா?"

"போதும்ப்பா" என்றார் அண்ணாச்சி.

அம்பயராக நின்றவர் கஃப்டீரியாவில் டீ போடுகிற மன்னார்குடிக்காரர். அந்தக் காலத்தில் ஆடியவர். விசில் ஊதினார்.

முதலில் பாடி வந்தவன் கூச்சப்பட்டான். இடது பக்கம் வரவே இல்லை. அடுத்தவனும் வரவில்லை. மூன்றாவதாக வந்தவன் சின்ன வயசு, வேகமான ஆள். அவன் வந்தான். தப்பு சொல்ல முடியாது. காலி இடத்தைப் பார்த்துவிட்டு எந்த ஆட்டக்காரனால் சும்மா போக முடியும்? நேராக அந்த மூலைக்கு ஓடினான், உள்ளே திரும்பினான், முதுகுப்பக்கமாக வந்து என்னைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான். என் இடது கை சும்மா தொங்கிக்கொண்டு இருந்தது. அதை என்ன செய்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் எல்லோரும் அந்த வழியாகவே வந்தார்கள். ஒருத்தன், இன்னொருத்தன் என்று நாங்கள் வெளியே போய்க்கொண்டே இருந்தோம். கடைசியில் அண்ணாச்சி மட்டும் நின்றார். அவரையும் ஒருத்தன் தொட்டுவிட்டான்.

அம்பயர் கையைத் தூக்கினார்.

"எல்லாரும் அவுட். மொத்தமா அனுப்புனதுக்கு லோனா ரெண்டு. வராத ஆளும் அவுட். அதுக்கு ஒண்ணு."

நான் வெளியே மணலில் உட்கார்ந்திருந்தேன். எழுந்தேன்.

"யாருண்ணே அவுட்டு?"

"வராத ஆளுப்பா. ஆள் கொறச்சலா எறங்குனா, எல்லாரும் போறப்ப அந்த எடமும் கணக்குதான். தெரியாதா ஒனக்கு?"

"அவன் செத்துப்போயிட்டாண்ணே."

"தெரியும்யா. நானுந்தான் இப்ப கும்புட்டேன். ரூலு அதுதானே."

எனக்கும் தெரிந்த ரூல்தான். எங்கள் ஊர்ப் பக்கமும் உண்டு. அதைவிட ஒன்று. முன்னொரு ஞாயிறு வேறொரு கேம்ப் டீம், ஒரு ஆள் டூட்டியில் மாட்டிக்கொண்டதால் ஆறு பேராக வந்தது. அவர்களை ஆல் அவுட் செய்துவிட்டு இவன்தான் இதே அம்பயரிடம் போய் நின்றான். "வராதவனும் அவுட்டுதாம்ணே, அந்த ஒண்ணையும் சேத்து எழுதுங்க" என்று சண்டை போட்டு அந்தப் பாயிண்டை வாங்கினான். "பாவம்டா, ஓவர்டைம் பாத்துக்கிட்டு இருக்கான்" என்றேன். "ஓவர்டைமுக்குத்தான் அவனுக்கு வேற கணக்கு இருக்குல்லா" என்று சிரித்தான்.

அவனே கேட்டு வாங்கிய ரூல். அம்பயரோடு சண்டை போட எனக்கு வழியில்லை.

ஆனால் என்னால் திரும்ப உட்கார முடியவில்லை. ஆடிய நாளில் அவனை வெளியே அனுப்ப இரண்டு மூன்று பேர் சேர்ந்து மல்லுக்கட்ட வேண்டும். இப்போது எவனும் தொடாமலே அவன் அவுட். அதைச் செய்தது சஜாக்காரர்கள் இல்லை. மரியாதை என்று சொல்லி, இடத்தைக் காலியாகப் போட்ட நாங்கள்தான்.

பாதி ஆட்டத்துக்கு விசில் விட்டதும் அண்ணாச்சியிடம் போனேன்.

"ஆள் போடுவோம் அண்ணாச்சி."

"இருக்கட்டும்ல. அவனுக்காகத் தோத்தா தோத்துட்டுப் போறோம்."

"அவன் இருந்தா நம்மள என்ன சொல்லி வஞ்சிருப்பான் தெரியுமா?"

"என்னன்னு வஞ்சிருப்பான்?"

"கார்னரக் காலியா போட்டுட்டு ஆட வந்த நீங்களாம் ஆம்பளையாலன்னு கேட்டுருப்பான்."

ஒருத்தன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவன் செத்த பிறகு எங்கள் ஆட்கள் சிரித்தது அப்போதுதான். அண்ணாச்சி சிரிக்கவில்லை. மூக்கைச் சிந்தி மணலில் துடைத்தார்.

"ஆளு எங்கல இருக்கு? மிச்ச பயலுவ ஓவர்டைம்லல்லா நிக்கானுவ."

டேங்கர் ஏணிப்படியிலிருந்து பாய் எழுந்தார். நல்ல உயரம், நல்ல கனம். சல்வாரை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டே வந்தார்.

"மே ஆவூன்?" என்றார். நான் வரட்டுமா என்று.

"கபடி ஆடுவீங்களா பாய்?" என்று என் உடைசல் ஹிந்தியில் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை, தண்ணீர் குடிப்பாயா என்று கேட்டவனைப் பார்ப்பது போல இருந்தது. அவர் பஞ்சாப்காரர். அங்கேயும் கபடிதான். ஆனால் வேறு மாதிரி, வட்டத்துக்குள் ஒருத்தனுக்கு ஒருத்தன் மோதுவது.

அம்பயர் சொன்னார். "ஆள் எப்ப வேணா எறக்கலாம். எறக்குனா கடைசி வரைக்கும் அவருதான். மாத்தக் கூடாது."

நான் லெஃப்ட் கார்னரில் போய் நின்றேன். என் இடத்தில் பாய். கையை நீட்டினேன்.

"ஹாத் கியூன்?" கை எதற்கு என்று கேட்டார்.

"புடிங்க பாய். அப்புறம் சொல்றேன்."

பிடித்தார். விரல் நொறுங்கியது. அவர் பிடியில் செய்தி ஒன்றும் கிடையாது, வெறும் பலம்.

அந்த ஓரத்தில் நின்று பார்த்தால் ஆட்டம் வேறு மாதிரி தெரிகிறது. எதிரில் வருகிறவன் முழுசாகத் தெரிகிறான். நம் ஆட்கள் ஆறு பேரும் தெரிகிறார்கள். இவ்வளவு நாள் அவன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். நான் அவன் கையை மட்டும் நம்பி நின்றிருக்கிறேன்.

அந்த வேகக்காரப் பையன் மறுபடி மூலைக்கு வந்தான். கணுக்காலுக்குப் பாய்ந்தேன். கால் கிடைக்கவில்லை, வாய் நிறைய மணல் கிடைத்தது. அதற்குள் பாய் என் கையை உதறிவிட்டுப் போய், அவனை இடுப்போடு தூக்கி, தோளில் போட்டுக்கொண்டு நின்றார். இறக்கவும் இல்லை. பையன் மேலே கிடந்து கபடி கபடி என்று பாடிப் பார்த்தான். மூச்சு நின்றது.

"என்னய்யா இது, கோதும மூட்டையத் தூக்குற மாதிரி?" என்றான் அவர்கள் கேப்டன்.

"புடி சுத்தமாத்தான் இருக்கு. அவுட்டு" என்றார் அம்பயர்.

அடுத்த முறை பாய் அதே சந்தோஷத்தில் கோட்டைத் தாண்டிப் போய் அவரே அவுட் ஆனார். கோடு எதற்கு என்று அதற்கும் கேட்டார். அப்புறம் ஒருத்தனின் குதிங்காலைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன், பிடித்தேன். விடவில்லை. மேலே எல்லோரும் வந்து விழுந்தார்கள். முட்டி பிய்ந்தது.

தோற்றோம். முதல் பாதியில் போன பாயிண்ட் திரும்பி வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்களை அவர்களால் ஆல் அவுட் செய்ய முடியவில்லை. அவன் பேரைச் சொல்லி இன்னொரு பாயிண்ட் யாரும் எழுதவில்லை. எனக்கு அது போதும்.

பிக்கப்பில் திரும்பி வரும்போது சொன்னேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் ஆடுவோம்."

அண்ணாச்சி திரும்பினார். "ஏல, பெத்த மனுசனுக்கு நா வாக்கு குடுத்திருக்கேன்."

"நீங்க குடுத்தீங்க. நான் குடுக்கல."

"அப்ப நீயே அவருகிட்ட சொல்லு, பாப்போம்."

"சொல்றேன்."

ரூமுக்குப் போய் குளித்துவிட்டு, வராந்தாவில் நின்று போன் போட்டேன். ஊரில் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். அவரே எடுத்தார். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

"ஐயா, இன்னக்கி ஆடுனோம். இன்னமும் ஆடுவோம். சொல்லிட்டுச் செய்யணும்னு கூப்பிட்டேன்."

அவர் திருப்பிக் கேட்டார்.

"அவன் ஒன் கூட்டாளிதான?"

"ஆமாங்கய்யா."

"அவன் சாவுல ஒனக்கு ஒண்ணுமே தோணலியா?"

"தோணுது. ஆனா கபடி மேல பழி போட மாட்டேன். அவன் இங்க ஆறு நாள் வேல பாத்தான். அந்த ஒரு சாயங்காலந்தான் அவன் இஷ்டத்துக்கு இருந்தான். அதையும் தப்புன்னு சொல்லிட்டா, அவனுக்குன்னு இங்க ஒண்ணுமே இல்லாமப் போயிரும்."

நான் வாழ்க்கையில் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"ஒனக்குப் புள்ள இருக்கா?"

"பையன் இருக்காங்கய்யா. ஏழாவது படிக்கிறான்."

"அவன இத வெளாட விடுவியா?"

"விடுவேன்" என்றேன்.

போனை வைத்துவிட்டார். பிறகு நான் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை. அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது அந்த வீட்டுக்குப் போவேன். கதவைத் திறந்தால் உட்காருவேன். திறக்காவிட்டால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன். அவர் என்மேல் கோபப்படுவது நியாயம். நான் சொன்னதும் நியாயம். இரண்டில் எதையும் மாற்ற முடியாது.

ஞாயிறுதோறும் ஆடுகிறோம். கேம்புக்குப் பின்னால் முடியாது. வெளியே ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மணல். வாட்ச்மேன் வந்து யல்லா யல்லா என்று விரட்டினால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்க் கோடு போடுகிறோம். அண்ணாச்சி முதலில் வரவில்லை. இப்போது வருகிறார். ஆடுவதில்லை, வாக்கு கொடுத்தவர். பாயிண்ட் எழுதுகிறார்.

போன வாரம் என் மனைவி போன் செய்தாள். பையனைப் பள்ளிக்கூட டீமில் எடுத்திருக்கிறார்களாம், கபடிக்கு. வெளியூர் போய் ஆட அப்பா சம்மதம் வேண்டுமாம்.

"உங்க கூட்டாளியோட அப்பா உங்கள என்ன கேட்டாருன்னு ஞாபகம் இருக்குல்ல?" என்றாள். அவர் கேட்டதை அவளிடம் அப்போதே சொல்லியிருந்தேன்.

"இருக்கு."

"என்ன சொல்லட்டும்?"

"விடு. போய் ஆடட்டும்."